ஈரம் காயும் முன் நெருப்புக்குப் போன என் பாத்திரங்கள்

அம்மா முப்பது வருடமாக மீன் குழம்பு வைத்த சட்டி, போன வருடம் தை மாதம் என் கை தவறி உடைந்தது. அம்மா போய் அப்போது இரண்டு வருடம். சட்டி உடைந்ததற்கு அத்தனை அழுவேன் என்று நான் நினைக்கவில்லை. கடையில் புதிதாக ஒன்று 200 ரூபாய்க்குள் கிடைக்கும், தெரியும். ஆனால் ஒரு சட்டியை என் கையாலேயே செய்ய வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு மனதில் விழுந்து, அப்புறம் போகவே இல்லை. எனக்கு 44 வயது. கணக்கு எழுதும் வேலை. பள்ளியில் களிமண்ணில் பிள்ளையார் பிடித்ததோடு சரி, அதற்குப் பிறகு மண்ணைத் தொட்டதில்லை.

ஐப்பசியில் ஒரு மண்பாண்டப் பயிற்சியின் விளம்பரம் கண்ணில் பட்டது. ஆரோவில் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பு. சக்கரம் கிடையாது, எல்லாம் கையால். ஏரிக்கரையில் நாமே மண் வெட்டி, நாமே பிசைந்து, நாமே செய்து, இரண்டாம் நாள் மாலை குழிச்சூளையில் சுட்டு, ‘ஞாயிறு மாலை உங்கள் பாத்திரத்தோடு வீட்டுக்குப் போங்கள்’ என்று போட்டிருந்தார்கள். என்னை இழுத்தது அந்தக் கடைசி வரிதான். இரண்டு நாளுக்கு 5,800 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. நான் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கட்டினேன். அதற்கும் ஒரு காரணம் உண்டு. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கியதிலிருந்து, அங்கே கற்றுக்கொண்ட பலர் அந்த வட்டாரத்திலேயே பட்டறை போட்டிருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். அந்தப் பக்கம் யாரிடம் போனாலும் சரியாகத்தான் இருக்கும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். நான் போன இடத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஊரின் பெயரை நம்பிப் பணம் கட்டக் கூடாது, சொல்லிக்கொடுப்பவர் யாரிடம் கற்றார், எத்தனை வருடமாகச் சூளை போடுகிறார் என்று கேட்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் திருவான்மியூரில் பஸ் ஏறி, பெரிய முதலியார்சாவடியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். முந்தின வாரம் முழுக்க மழை. செம்மண் சாலை இரண்டு பக்கமும் அறுத்துக்கொண்டு ஓடியிருந்தது. தோப்புக்குள் நுழைந்ததும் மழையில் நனைந்த முந்திரி இலையின் வாசனை, தூரத்தில் பனை வரிசை, நடுவில் நாலு பக்கமும் திறந்த ஒரு கீற்றுக் கொட்டகை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் கொடுத்த 5,800 ரூபாயும் தகும் என்றுதான் இருந்தது. பதினோரு பேர் வந்திருந்தார்கள், தனியாக வந்தது நான் மட்டும். கழிப்பறை ஐம்பதடி தள்ளி, விளக்கில்லாத வழியில் இருந்தது. முந்திரி மரத்தில் முசுறு கூடு கட்டியிருந்ததைப் பார்க்காமல் சாய்ந்து, முதுகெல்லாம் கடி வாங்கினேன். தனியாகப் போகிற பெண்கள் கழிப்பறை, இரவு தங்கும் இடத்துக்குப் போகும் வழி, போனில் சிக்னல் கிடைக்குமா, இந்த மூன்றையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இயற்கையான இடம் என்றால் இவையும் சேர்ந்துதான் வரும்.

ஏரிக்கரையில் மண் வெட்டியது நன்றாக இருந்தது. மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு முழங்கால் ஆழத்தில் சாம்பல் நிறக் களிமண் வந்தது. விரல் தடிமனுக்கு உருட்டி வளைத்துப் பார்க்கச் சொன்னார்கள். விரிசல் விடாமல் வளைந்தால் செய்வதற்கு ஏற்ற மண். அதில் அங்கங்கே வெள்ளையாகச் சின்னச் சின்னக் கற்கள் இருந்தன. “பெருசா இருக்கறத மட்டும் பொறுக்கிடுங்க” என்றார்கள். பெரியதை மட்டும் பொறுக்கினோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

செய்யும் வேலையில் மூன்று வழி சொல்லிக்கொடுத்தார்கள், அதை நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். முதலாவது, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக ஓர் உருண்டை எடுத்து, நடுவில் கட்டைவிரலால் குழித்து, சுற்றிச் சுற்றிக் கிள்ளிக் கிண்ணமாக்குவது. எல்லாரும் விளிம்பையே கிள்ளிக்கொண்டிருப்போம், அது மெலிந்து வெடிக்கும், அடிப்பக்கம் கட்டையாக நின்றுவிடும். அடியிலிருந்து மேலே வர வேண்டும். இரண்டாவது, முறுக்கு மாவை நீளமாக உருட்டுகிற மாதிரி மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்குவது. ஒவ்வொரு வளையத்தையும் உள்பக்கம் விரலால் கீழே இழுத்துப் பூச வேண்டும். வெளியே அழகுக்காகத் திரியை அப்படியே விட்டாலும் உள்ளே பூசாமல் விட்டால், காயும்போது அந்த வரியிலேயே பிரிந்து வரும். மூன்றாவது, சப்பாத்தி போலத் தேய்த்துத் தட்டு செய்வது. மண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே உயரமுள்ள இரண்டு மரச்சட்டங்களை வைத்து, அவற்றின்மேல் உருளை ஓடுகிற மாதிரி தேய்த்தால் தடிமன் ஒரே அளவாக வரும். அடியில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டால் ஒட்டாது.

ஒட்டுவதுதான் எனக்குக் கடைசிவரை பிடிபடாத விஷயம். கைப்பிடியை ஈரக்கையால் அழுத்தினால் ஒட்டிக்கொண்டதுபோலத்தான் தெரியும். ஒட்டுகிற இரண்டு பரப்பையும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி, அழுத்தி, லேசாக அசைத்து உட்கார வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். காலையில் செய்த சட்டியில் சாயங்காலம் செய்த கைப்பிடியை ஒட்டினால், ஈரமானது அதிகம் சுருங்கும், காய்ந்தது சுருங்காது, நடுவில் விரிசல் விடும். மண் காயும்போதே நூற்றுக்கு ஐந்திலிருந்து எட்டு பங்குவரை சுருங்குகிறது, சுடும்போது இன்னும் கொஞ்சம். அதனால் வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகச் செய்யுங்கள். இரண்டு நாளும் தரையில் உட்கார்ந்தே வேலை. எனக்கு மூன்றாம் நாள் இடுப்பு நிமிரவில்லை, திங்கள்கிழமை விடுப்பு போட்டேன். முக்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். களிமண் கையில் உள்ள எண்ணெய்ப் பசையை எல்லாம் உறிஞ்சிவிடும், இரவில் தேங்காய் எண்ணெய் தடவாமல் தூங்காதீர்கள்.

இரண்டு கிண்ணம், திரி அடுக்கிச் செய்த ஒரு சட்டி, ஒரு தட்டு, ஒரு குருவி, ஆக ஐந்து செய்தேன். அந்தச் சட்டிதான் நான் செய்ய வந்தது. அம்மாவுடையது மாதிரியே அடி உருண்டு, வாய் கொஞ்சம் விரிந்து இருந்தது. சனிக்கிழமை இரவு தங்கும் இடத்துக்குத் திரும்பும்போது மனம் அவ்வளவு நிறைந்திருந்தது.

ஞாயிறு காலை மறுபடி மழை. கொட்டகைக்குள் காற்றே நனைந்து கிடந்தது. சட்டியின் அடியைத் தொட்டால் விரல் பதிந்தது. “இது இன்னும் காயலையே” என்றேன். “மதியம் அனல்ல வாட்டிடுவோம்” என்றார்கள். மதியம் விறகு மூட்டி, தகரத்தின்மேல் எல்லாவற்றையும் பரப்பி இரண்டு மணி நேரம் வாட்டினார்கள். வெளித்தோல் வெளுத்து, காய்ந்த மாதிரி ஆனது. நாலு மணிக்கு, இடுப்பளவு வெட்டியிருந்த குழியில் மரத்தூள், வைக்கோல், வறட்டி, தேங்காய் மட்டை பரப்பி, நடுவில் பாத்திரங்களை வைத்து, மேலேயும் மூடித் தீ வைத்தார்கள். குழியின் அடிமண்ணே ஈரமாக இருந்தது. என் மனதுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பத்துப் பேர் கைதட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில், ஒன்றும் தெரியாத நான் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். அதற்காக இன்றுவரை வருந்துகிறேன்.

பத்து நிமிடத்தில் முதல் சத்தம் கேட்டது. வெங்காய வெடி போல ஒரு ‘டப்’. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தது, அதற்கு அடுத்தது. அரை மணி நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை. எண்ணுவதை நான் பதினேழோடு நிறுத்தினேன். இரவு எட்டு மணிக்கு, முழுக்க ஆறும் முன்பே, கம்பியால் கிளறி எடுத்தார்கள். என் குருவி சில்லாகக்கூடக் கிடைக்கவில்லை. தட்டு மூன்று துண்டு. சட்டியின் அடி முழுசாக வந்தது, பக்கச்சுவர் ஓடு ஓடாகப் பெயர்ந்து கிடந்தது. ஒரே ஒரு கிண்ணம் கருஞ்சிவப்பாக முழுசாக வந்தது. மற்றவர்கள் துண்டுகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் முந்திரி மரத்துப் பக்கம் போய், டார்ச்சை அணைத்துவிட்டு அழுதேன். அம்மாவின் சட்டியை இரண்டாம் தடவை உடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

கிளம்பும்போது சுடுகூலி என்று தனியாக 700 ரூபாய் கேட்டார்கள். விளம்பரத்தில் அது இல்லை. கட்டணம், தங்கியது 1,600, பஸ்ஸும் ஆட்டோவும் சேர்த்து 900, இந்த 700, ஆக மொத்தம் 9,000 ரூபாய். மறுநாள் போன் செய்து, பாதியாவது திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். “கட்டணம் அனுபவத்துக்கும்மா, பாத்திரத்துக்கு இல்ல” என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தபோது அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை என்றுதான் படுகிறது. கை வேலை தெரிந்தவர்கள். நகரத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு சனி ஞாயிறுக்குள் எல்லாம் முடிந்து கையோடு எடுத்துப் போக வேண்டும் என்கிறோம், அந்த அவசரத்துக்குத் தோதாக அவர்கள் ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டார்கள். மண் அந்த வாக்குக்குக் கட்டுப்படாது. அதை மழைக்காலத்தில் கொடுத்ததுதான் அவர்கள் தவறு.

தப்பித்த கிண்ணத்தைச் சமையலறையில் பூண்டு போட வைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் அதன் பக்கத்தில் கால் ரூபாய் அளவுக்கு ஒரு சில் தெறித்து விழுந்து கிடந்தது. சில் பெயர்ந்த பள்ளத்துக்கு நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. அடுத்த வாரத்துக்குள் இன்னும் நாலு இடத்தில் அப்படி. யாரும் தொடவே இல்லை, தானாகப் பெயர்ந்தது. சொல்லப்போனால், வெடித்ததைவிட இதுதான் எனக்கு அதிகம் புதிராக இருந்தது.

மார்கழியில் வேறு வேலையாகப் புதுச்சேரி போனபோது, சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூர்ப் பக்கம் விசாரித்துக்கொண்டு, ஒரு வயதான மண்பாண்டக்காரர் வீட்டுக்குப் போனேன். கிண்ணத்தைக் காட்டினேன். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, “சுக்கான் கல்லும்மா” என்றார். ஏரி மண்ணில் பார்த்த அந்த வெள்ளைக் கற்கள். சுண்ணாம்புக் கல், நெருப்பில் சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும். பிறகு காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பருக்கும், பருத்து மேல் ஓட்டைத் தள்ளிவிடும். கடுகளவு கல் போதும். அதனால் வெட்டிய மண்ணை அப்படியே பிசையாமல், காய வைத்து உடைத்து, தண்ணீரில் கரைத்து, மெல்லிய சல்லடையிலோ துணியிலோ வடிகட்ட வேண்டும். மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம், காய்ந்த கட்டியில் கொஞ்சம் வினிகர் விட்டால் நுரைக்கும்.

வெடித்ததைப் பற்றியும் சொன்னேன். எத்தனை நாள் காய வைத்தீர்கள் என்று கேட்டார். ஒரு நாள் என்றதும் என் முகத்தைப் பார்த்தார். “ஈரத்தை உள்ள வச்சுக்கிட்டு நெருப்புல போட்டா அது என்னம்மா பண்ணும், வழி இல்லாம வெடிக்கத்தான் செய்யும்” என்றார். அவர் சொன்னதை அப்புறம் நான் படித்தும் தெரிந்துகொண்டேன். தண்ணீர் நீராவியாக மாறும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேட்கிறது. பிசையும்போது உள்ளே நின்ற காற்றுதான் வெடிக்க வைக்கிறது என்று பயிற்சியில் சொன்னார்கள், உண்மையில் பெரும்பாலும் குற்றவாளி ஈரம். தடிமனான இடத்தில் அது கடைசிவரை தங்கும். என் குருவியில் இரட்டைத் தவறு. ஈரம் ஒன்று, உள்ளே கூடாகச் செய்துவிட்டு ஓட்டை விடாமல் மூடியது இன்னொன்று. அந்தப் பெரியவர் ஐயனார் கோயில் குதிரை செய்கிறவர். ஆள் உயரக் குதிரையும் சக்கரத்தில் வராது, கையால் சுவர் எழுப்பித்தான் செய்ய வேண்டும். மண்ணில் மணலும் உமியும் சேர்த்து, உள்ளே கூடாக வைத்து, ஆவி போக ஓட்டை விட்டு, வாரக்கணக்கில் நிழலில் உலர்த்தியபின்தான் நெருப்பு. காய்ந்துவிட்டதா என்பதைப் பார்க்க என் கையில் இன்னும் சுடாத ஒரு பச்சைப் பானையைக் கொடுத்து, “கன்னத்துல வச்சுப் பாரு” என்றார். சில்லென்று இருந்தது. சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

குழம்புச் சட்டி ஆசையையும் அவரிடம் சொன்னேன். குழிச்சூளையில் சுட்ட என் சட்டி வெடிக்காமல் வந்திருந்தாலும் அடுப்பில் நின்றிருக்காது என்றார். சமையல் சட்டிக்கு மண்ணில் மணல் அளவாகச் சேர வேண்டும், உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை ஒரே சீராக மெல்லியதாக்க வேண்டும். அங்கே கட்டி, இங்கே மெல்லிசு என்று இருந்தால் அடுப்புச் சூட்டில் பிளந்துவிடும். குறைந்த சூட்டில் சுட்ட பாத்திரம் தண்ணீரைக் கசிய விடும், அதில் குழம்போ தயிரோ வைக்கக் கூடாது. கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பூச்சு, போட்டதாக இருந்தால், அதில் ஈயம் இல்லை, சாப்பாட்டுக்கு ஏற்றது என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அவரிடமே 180 ரூபாய்க்கு ஒரு சட்டி வாங்கி வந்தேன். ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து, வடிகஞ்சி ஊற்றிக் கொதிக்க விட்டுப் பழக்கினேன். இப்போது எங்கள் வீட்டு மீன் குழம்பு அதில்தான். நான் செய்ததில்லை என்ற குறை இருக்கிறது, ஆனால் யார் செய்தது என்று தெரியும்.

பங்குனியில் மறுபடி ஒரு பயிற்சிக்குப் போனேன். இந்தத் தடவை பணம் கட்டும் முன் அரை மணி நேரம் போனில் பேசினேன். பாத்திரம் எத்தனை வாரம் கழித்துக் கையில் வரும் என்பதுதான் முதல் கேள்வி. நாலு வாரத்துக்கு மேல் என்று சொன்னால் நிம்மதியாகக் கட்டலாம், அன்றைக்கே என்றால் எத்தனை அழகான தோப்பாக இருந்தாலும் யோசியுங்கள். எங்கே உலர்த்துவார்கள், மழை வந்தால் என்ன செய்வார்கள், மண் வடிகட்டியதா, சூளை விறகா மின்சாரமா, எத்தனை டிகிரி, சுடுகூலி கட்டணத்திலேயே சேர்ந்ததா, வெடித்தால் மறுபடி செய்யக் கொஞ்சம் மண்ணாவது தருவார்களா, யார் கூரியர் செலவு ஏற்பது, எல்லாம் கேட்டேன். அவர்கள் சலிக்காமல் சொன்னார்கள். அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. நாலு ஞாயிறு, 7,200 ரூபாய், சுடுகூலி உட்பட. முதல் சூட்டை நூறு டிகிரிக்குக் கீழே இரவெல்லாம் பிடித்து வைத்து, அப்புறம்தான் ஏற்றினார்கள். 573 டிகிரியில் மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று உருமாறும், அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே நிதானம் வேண்டும் என்றார்கள். சூளையைத் திறக்கவும் முழுசாக ஒரு நாள் காத்திருந்தோம். ஆறில் ஐந்து முழுசாக வந்தன. ஆறாவதன் கைப்பிடியில் விரிசல், அது என் ஒட்டலின் கோளாறு.

இப்போது வீட்டிலேயே செய்கிறேன். வடிகட்டிய மண் பத்து கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். சிந்திய மண்ணைக் காய்ந்தபின் கூட்டுவதில்லை, அந்தத் தூசி நெஞ்சுக்குக் கெடுதல், ஈரத்துணியால் துடைத்து எடுக்கிறேன். சரியாக வராததை மறுபடி தண்ணீரில் ஊறப் போட்டால் மண்ணாகிவிடும், சுடும்வரை எதுவும் வீண் இல்லை. மின்சூளை வைத்திருக்கும் ஒருவர் மாதம் ஒருமுறை மற்றவர்களுடையதையும் சேர்த்துச் சுட்டுத் தருகிறார்.

இந்த மாதத்துக்காகச் செய்த கிண்ணம் பன்னிரண்டு நாளாகப் பரண் நிழலில், தளர்வாக மூடிய பாலிதீன் தாளுக்குள் இருக்கிறது. சூளைக்கு நாளை கொடுக்க வேண்டும். இன்று காலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் இன்னும் சில்லென்றுதான் இருந்தது. அடுத்த மாதம் தருகிறேன் என்று அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.